உள்சிவப்பு

மூன்றாம் இலை மஞ்சளித்தபோது
உரம் பத்தவில்லை என்றுதான் நினைத்தேன்.
கடன் சொல்லி அரை மூட்டை யூரியா தூவினேன்.
அதைத் தின்றது யாரென்று அப்போது தெரியாது.

கார்த்திகை மழை வெறித்த காலையில்
ஒரு கரும்பை நெடுகப் பிளந்தேன்.
வெளியே கறுத்துச் சிவந்து
உள்ளே வெளுத்திருக்க வேண்டும் செங்கரும்பு.
இதற்கு உள்ளே சிவப்பு,
குறுக்கே ஒரு வெள்ளைத் திட்டு,
மறுபடி சிவப்பு.
மோந்து பார்த்தால்
மேலூர் ஒயின்ஷாப் வாசல்.

வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த ஜெரினா
செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.
"செவ்வழுகல்.
தூரோடு தோண்டி எரிச்சிருங்க.
சோகை ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது.
குழிக்குக் கார்பன்டாசிம், லிட்டருக்கு ஒரு கிராம்.
மறுதாம்பு விடாதீங்க, அடுத்து நெல்லு போடுங்க.
கரணைய மருந்துல முக்கித்தானே நட்டீங்க?"

இல்லை.
அன்றைக்கு இரண்டு ஆள் கூலி மிச்சம்.

கடைசியாகக் கேட்டார்:
"உங்க வயல் தண்ணி யார் வயலுக்குப் போகுது?"

சேவுகன் வயலுக்கு.
ஒரு முழ வரப்புக்காக
ஒன்பது வருசமாய் வாய்தா வாங்குகிறோம்
நானும் அவரும்.
அவருடைய கரும்பு
ஆள் உயரத்துக்கு மேல் பச்சையாய் நிற்கிறது.
சொல்லாவிட்டால்
கோர்ட்டு செய்யாததைத் தண்ணீர் செய்துவிடும்.
ஒரு ராத்திரி முழுக்க
அந்த நினைப்பும் என்னோடு படுத்திருந்தது.

விடிந்ததும்
பிளந்த கரும்பில் ஒரு பாதியை
வழக்கு நடக்கிற அந்த வரப்பில் வைத்துவிட்டு
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நானூற்றுப் பன்னிரண்டு தூர்.
பொங்கலுக்கு அட்வான்ஸ் தந்த வியாபாரி
போனில் கத்திக்கொண்டே இருந்தான்.
டயரும் மண்ணெண்ணெயும் போட்டு மூட்டிய தீயில்
அழுகல் நாற்றம்தான் வரும் என்று இருந்தேன்.
பாகு வாசம் வந்தது.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் பார்த்தால்
வரப்பில் கரும்பு இல்லை.
மடைவாயில் புதுமண் அணை,
மிதித்து இறுக்கிய காலடி இன்னும் ஈரம்.
உட்பக்கம் ஒரு பாட்டில் மருந்து,
பாதி தீர்ந்தது,
மூடி இறுக்கி.

அணை என் பக்கம் ஒரு சாண் ஏறியிருந்தது.
நான் அளக்கவில்லை.

அடுத்த வாய்தா பதினாலாம் தேதி.
போகத்தான் வேண்டும்.