ஏழாவது வார்டுக்கு மார்ச் மாதக் கடிதம்

முதலில் குப்பை.
ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து வண்டி
செவ்வாயில் வராது, வியாழனில் வரும்.
இதைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னாள்
என் அலுவலகத்து டெனீஷா.
மற்றதை யாரும் படிக்கமாட்டார்களாம்.
அந்தத் தைரியத்தில்தான் மற்றதை எழுதுகிறேன்.

குழிகள்:
பனி உருகியபின் எண்ணியது இருநூற்றுப் பதினான்கு.
அடைத்தது நூற்றெழுபது.
அடைத்ததில் மறுபடி வாய் பிளந்தது முப்பத்தொன்று.
ஹார்ட்விக் தெருமுனைக் குழியில் யாரோ
ஒரு சமையலறை நாற்காலியை நட்டு
முதுகில் என் பெயரை எழுதியிருந்தீர்கள்.
ஷிம்சாக். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.
பதினோரு ஆண்டில் நகர மன்றம் ஒருமுறையும்
அதைச் சரியாக எழுதியதில்லை.
குழி மூடியாயிற்று.
நாற்காலி என் அறையில் இருக்கிறது,
குறை சொல்ல வருகிறவர்களுக்கு.
இடது பின்கால் ஆடும், பார்த்து உட்காருங்கள்.

ஈயக் குழாய்கள்:
பெலிக் தெருவில் அறுபத்திரண்டு வீடு.
குழாயைத் தேடித் தோண்டினால்
டிராம் தண்டவாளம்.
கிணறு வெட்டப் பூதம்.
எந்த வரைபடத்திலும் இல்லாத இரும்பு,
மூடிப்போன ஆலைக்கு இன்னும் ஆள் ஏற்றிப் போவதுபோல்
ஏரியைப் பார்த்து நேராக.
ஒப்பந்ததாரர் தலையைச் சொறிந்தார்.
சொறிந்ததற்கு நாற்பதாயிரம் டாலர் கூடுதல்.

நடைபாதையில் நீலக் கோடு தண்ணீர், மஞ்சள் எரிவாயு.
பிள்ளைகள் தயவுசெய்து நீலச் சுண்ணக்கட்டியில்
பாண்டிக் கட்டம் வரைய வேண்டாம்.
போன வாரம் நான்கு ஆட்கள்
முக்கால் மணி நேரம் அதைத் தோண்டியிருக்கிறார்கள்.

நீச்சல் குளம்.
நடுவில் வைத்தால் கண்ணில் படாது என்றுதான்
இங்கே வைத்தேன்.

பிப்ரவரி பதினொன்று, இரவு பத்தே முக்கால்.
குழாய்ப் பணத்துக்கு ஐந்து கை வேண்டும்.
நான்கு இருந்தது.
காசை விழுங்கிவிட்டுக் காபி தராத அந்த இயந்திரத்தருகே
நான்காவது வார்டு உறுப்பினர் சொன்னார்:
என் கை உனக்கு,
குளத்தை மூடும் தீர்மானத்தில் உன் கை எனக்கு.

தூக்கினேன்.
வலது கை. தோளில் வலி இருந்தும்
நன்றாகவே உயர்ந்தது.

இதற்கு "மறுசீரமைப்பு" என்றொரு சொல்
டெனீஷா தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.
அடித்துவிட்டேன்.
மூடினோம். மூடியவர்களில் நானும் ஒருத்தி.

திரு. ஆர்வில் ட்ரூயிட்டை உங்களுக்குத் தெரியும்.
இருபத்திரண்டு கோடை அந்தக் குளத்தில் விசில் ஊதியவர்.
மார்ச் கூட்டத்தில் அவர் பெயரை அழைத்தோம்.
ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றார்.
பேசவில்லை.
மூன்று நிமிடமும் நின்றார்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.
குறிப்பேட்டில் எழுத்தர் என்ன எழுதுவதென்று
என்னைப் பார்த்தார்.
நான் என் காகிதங்களை அடுக்கினேன்.

பெலிக் தெரு, நாற்பத்தொன்றாம் எண். அவர் வீடுதான்.
வெள்ளிக்கிழமை அங்கே புதுக் குழாய் போட்டார்கள்.
பார்வையிடப் போனேன்.
சமையலறையில் குழாயைத் திறந்து
ஐந்து நிமிடம் ஓடவிட்டு
ஒரு குவளை பிடித்து எனக்குத் தந்தார்.
குடித்தேன். எந்த ருசியும் இல்லை,
அறுபத்திரண்டு வீட்டுக்கும் நான் வாங்கித் தந்தது அதுதான்.
"நல்ல தண்ணீர்தான்," என்றார்.
"ஜூலையில் பிள்ளைகளை எங்கே அனுப்ப,
குளியல் தொட்டிக்கா?"

பதில் இல்லை. ஒரு லாரி இருக்கிறது,
தீயணைப்பு நிலையத்துடையது, பழையது.
சனிக்கிழமைகளில் தெருவை மறித்துத்
தண்ணீர் பீய்ச்சக் கேட்டிருக்கிறேன்.
அது குளம் அல்ல. தெரியும்.

விளக்குக் கம்பம் 1187: எரிகிறது.
விளக்குக் கம்பம் 1188: மன்னிக்கவும்.
ப்ரூவர் சந்தில் கூவுகிற சேவலுக்கு
இதுவரை யாரும் உரிமை கோரவில்லை.

அடுத்த கூட்டம் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறு.
மின்தூக்கி வேலை செய்யாது, பக்கவாட்டுக் கதவால் வாருங்கள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பேசினாலும் சரி.

லொரெட்டா ஷிம்சாக்

மறுபடியும்: குப்பை, வியாழன்.