ஒன்பதே கால்

நாலே முக்காலுக்கே விழிப்பு வந்துவிட்டது.
இருபது வருடப் பழக்கம்,
விடுமுறை என்றால் அதற்கு எங்கே புரிகிறது.
கண்ணை மட்டும் திறக்கவில்லை.

உப்பனாறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்.
நடுவே சிங்காரத்தோப்பில்
நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீடு.
வெள்ளைச் சுவர், நீல ஜன்னல்.
கொழுந்தன் கலிவரதன்தான் பிடித்தார்.
கிரேக்கத் தீவுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சமாம் அண்ணி,
அங்கேயும் இதே வெள்ளை, இதே நீலம், இதே வெயில்,
வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.
நேற்று நெத்திலிக்கு நாங்களும் பிழிந்தோம்.
சாயங்காலம் காற்று திரும்பி
சிப்காட் வாடை ஒரு நிமிடம் வந்துபோனது.
இது அங்கே கிடைக்காது என்றாள் மிதுனா.

மீன்பிடித் தடைக்காலம்.
விசைப்படகுகள் ஆற்றில்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.
அறுபத்தொரு நாள் போகாதே என்று
படகுக்கு அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கிறது.
விருத்தாசலம் கருவூலத்தில்
ஓய்வூதியக் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு
அப்படி ஒரு ஆணை இதுவரை வந்ததில்லை.

ஐந்தரைக்கு அவர் எழுந்தார்.
மெத்தை ஓரம் நின்று
என்னைப் பார்ப்பது தெரிந்தது.
எழுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.
தூங்குகிறவள் விடுவதுபோல
மூச்சை நீளமாக விட்டேன்.
மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டுப் போனார்.

பிறகு அடுப்படியில் ரகசியக் கூட்டம்.
ஷ்ஷ், அம்மா தூங்குது.
அந்த ஷ்ஷ் சத்தத்தில்தான்
பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
சர்க்கரை எங்கே?
பச்சை டப்பா.
பச்சை டப்பாவில் இருப்பது உப்பு.
நாக்கு நுனி வரை வந்ததை
அங்கேயே படுக்கவைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் யாரோ
தொட்டியில் துப்பினார்கள், கலிவரதன் மாதிரி இருந்தது.

பால் பொங்கி வழிந்த வாசனை.
எதையோ வைத்துத் துடைக்கிறார்கள்,
என் துண்டாக மட்டும் இருக்கக் கூடாது.
ஒரு தம்ளர் உருண்டது.
அது உருண்டு முடியும்வரை
நாலு பேரும் மூச்சு விடவில்லை.
கடலுக்கு மட்டும்
யாரும் ஷ்ஷ் சொல்லவில்லை.

வெயில் ஜன்னலில் இறங்கி
கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்கால்.
எட்டு மணி வாக்கில் அகிலன் வந்து
மூக்குக்கு நேரே விரல் வைத்துப் பார்த்தான்.
மூச்சு இருக்குப்பா என்று போய்ச் சொன்னான்.
சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது.

பரீட்சைக்கு முதல் நாள் மிதுனாவுக்காக,
இரவுப் பணி முடித்து வரும் அவருக்காக,
காய்ச்சலில் கிடந்த சின்னவனுக்காக
குக்கரின் விசிலைக் கரண்டியால் தூக்கி
மெதுவாக ஆவி விட்டிருக்கிறேன்.
அந்தப் பக்கத்திலிருந்தே
பழகிப்போன சத்தம் அது.
இந்தப் பக்கம் படுத்துக் கேட்கையில்
இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

எப்போது என்று தெரியாது,
நடித்துக்கொண்டிருந்தவள் நிஜமாகவே தூங்கிப்போனேன்.

ஒன்பதே கால்.
தலைமாட்டில் தட்டு மூடிய காப்பி,
ஆறி, ஏடு கட்டி.
நல்லாத் தூங்கினியா என்றார்.
அடிச்சுப்போட்ட மாதிரி என்றேன்,
கடைசி ஒரு மணி நேரத்துக்கு அது உண்மை.

வாசலில் கொடியில் காய்கிறது
என் துண்டேதான்.
பாதி வெள்ளை, பாதி காப்பி.
யார் செய்தது என்று நான் கேட்கவில்லை,
நாலு பேரும்
கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.