முதல் இரண்டெழுத்து

"ஜவும் மவும் அப்படியே கிடக்கட்டும்,
மிச்சத்தை மட்டும் அழி" என்றான் பி.ஏ.
ஜமதக்னி
ஜமாலுதீன் ஆகிவிட்டார்.
மவுக்கு ஒரு கால் போட்டால் முடிந்தது.
சுண்ணாம்பு மிச்சம், பொழுதும் மிச்சம்.

குடியாத்தத்துக்குள் பதினேழு சுவர்,
பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒன்பது,
நெல்லூர்பேட்டை ஏரி மதகில் ஒன்று.
எல்லாம் என் எழுத்து.

டீக்கடையில் ஆளுக்கொரு காரணம்.
சீட்டு தராத கட்சிக்குச் சூடு வைக்க,
தோல் ஷாப்பு முதலாளியிடம் வாங்கிய கடனுக்கு,
மேல்பட்டியில் ஒரு வீடு, வீட்டில் ஒரு பெண்,
வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது
பக்கத்துக் கட்டில்காரர் விடியலில் முணுமுணுத்தது
காதில் விழுந்து உள்ளே தங்கிவிட்டது.
பேசிப் பேசி வடை ஆறிப்போனது.
கோயில் முனையில் ஒரு போலீஸ் ஜீப்,
பள்ளிவாசல் முனையில் ஒன்று.

"அவரா?" என்றாள் அக்கா.
அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பது வருஷம் முன்னால்
ரயிலடி நீளச் சுவரில்
அவர் மேடையில் சொன்ன வரி ஒன்றை எழுதினேன்.
எங்களைப் பற்றிய வரி.
இங்கே அதை எழுத மாட்டேன்,
ஒருமுறை எழுதியதே போதும்.
ராத்திரி வேலை, இரட்டைக் கூலி.
மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டவேண்டிய ஜூன் மாதம்.
சிவப்பில் எழுதிக் கறுப்பில் நிழல் கொடுத்தேன்.
நல்ல நிழல்.
மூலையில் எப்போதும் போடும்
'தஸ்தகீர் ஆர்ட்ஸ்' மட்டும் போடவில்லை.

மறுவாரம் மூன்று கடை எரிந்தது.
நடுக் கடையில் அக்கா வீட்டுக்காரரின் தையல் மிஷின்.
இரும்பு அல்லவா, எரியவில்லை.
கறுத்து நின்றது.
இன்றும் அதில்தான் ஜிப்பா தைக்கிறார்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார்.
புதுத் தொப்பி, மடிப்புக் கலையாத ஜிப்பா,
வேட்டியில் மட்டும் பழைய கட்சிக் கரை.
வெளியே நாலு பேர் அவர் செருப்புக்குக் காவல்.
முன்வரிசைக்குப் போவார் என்று நினைத்தேன்.
நாலாவது வரிசையில், என் வலப்பக்கம் வந்து நின்றார்.
"இடைவெளி விடாதீங்க" என்றார் ஹஜ்ரத்,
"தோளோடு தோள் சேருங்க."
சேர்ந்தது.
சூடாயிருந்தது அந்தத் தோள்.
சித்திரையில் எங்களூரில் எதுதான் சூடாயில்லை.

ருகூவுக்குப் பிந்தினார், சஜ்தாவுக்கு முந்தினார்,
பிறகு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துப் பார்த்து
நான் செய்வதையே செய்தார்.
என் கையைப் பார்த்துக் கை கட்டினார்.
நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.
பார்த்திருப்பார்.

நெற்றி தரையில் கிடந்தபோது
அவரைப் பற்றித்தான் அல்லாஹ்விடம் கேட்டேன்,
நல்லதாக ஒன்றும் இல்லை.
பாதியில் வார்த்தை நின்றது.
கலிமா சொன்னவனின் பழைய கணக்கு அழிந்துபோகும்,
அன்று பிறந்த பிள்ளை அவன் என்று
போன வாரம்தான் ஹஜ்ரத் சொன்னார்.
நான் பிறந்ததிலிருந்தே முஸ்லிம்.
எனக்கு அந்தச் சலுகை இல்லை.
வரியைச் சொன்னவர் நேற்றுப் பிறந்துவிட்டார்,
எழுதியவன் அப்படியே இருக்கிறான்.

சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினோம்,
அவர் பிடரி எனக்குத் தெரிந்தது.
இடப்பக்கம் திரும்பினோம்,
என் பிடரி அவருக்கு.

பி.ஏ. தந்த பட்டியலில் ரயிலடிச் சுவர் இல்லை.
எரிந்த மாதமே யாரும் சொல்லாமல் நானே போய்
மூன்று பூச்சு வெள்ளை அடித்துவிட்டேன்.
ஐப்பசி மழை பிடித்தால்
இன்னும் சிவப்பு மேலே வருகிறது.
கலந்தவன் நான், மட்டமாகக் கலக்கத் தெரியாது.

இப்போது மதகில் சாரம் கட்டி ஏறியிருக்கிறேன்.
ஏரியில் தண்ணீர் இல்லை, எருமைகள் மட்டும்.
மவுக்குக் கால் போட்டாயிற்று.
லு எழுதியாயிற்று.
பிரஷை டப்பாவில் முக்கி
விளிம்பில் வழித்து வைத்திருக்கிறேன்.
அடுத்த எழுத்து
தீ.