ஈரம் பதினாலு

சம்மாந்துறை மில் தராசில்
காலை ஒன்பது இருபதுக்கு
கொம்பியூட்டர் நீலமாய்ப் போனது.

வாசல் தாண்டி வரிசையில் பன்னிரண்டு மெசின்.
முதல் பெட்டி தட்டில் ஏறி நிற்கிறது:
உதுமாலெவ்வை காக்காவின் நெல்,
மல்கம்பிட்டி வட்டையில் நேற்று வெட்டியது.
எடை எவ்வளவென்று தட்டுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
எடை காட்டும் சின்னப் பெட்டி ஐப்பசி இடியோடு போனது,
அதற்குப் பிறகு எல்லாம் இவருக்குள்ளால்தான்.

நான் ஒன்றையும் அழுத்தவில்லை.
முந்தாநாள் "பிறகு" என்றேன்.
நேற்றும் "பிறகு" என்றேன்.
இன்றைக்கு அந்தப் பொத்தானையே காணோம்.
கேள்வி இருந்த இடத்தில்
ஒரு வட்டம் சுற்றுகிறது.
அணைக்க வேண்டாம் என்கிறது,
தயவுசெய்து என்றும் சேர்த்து.

போன மாதம் கல்முனைப் பொடியன் ஒருவன்
ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு
இனி வராது தாத்தா என்று நிறுத்திக் கொடுத்தான்.
அவன் நிறுத்தியதையும் ஒரு பிழையென்று கண்டு
அது திருத்திக்கொண்டது.

பதினொரு வீதம்.

நெல்லுக்குள் ஈரமானியைக் குத்தினேன்: பதினாலு.
ஹாஜியாரின் கணக்கில் பதினாலு மட்டும் நல்ல நெல்,
அதற்கு மேலே ஒவ்வொன்றுக்கும்
மூடைக்கு இவ்வளவென்று வெட்டு.

பதினொரு வீதம்.
இன்னமும் பதினொன்று.

அம்பாறைப் பக்கம் வானம் கறுத்தது.
மாசியில் இது என்ன மழை என்று
யாரோ மெசினுக்கு மேலிருந்து ஏசினார்கள்.

"மகள், அந்த வயரைக் கழட்டுங்களன்."
"கழட்டினா மறுகா எழும்பாது காக்கா."
"ஆர்ர கொம்பியூட்டர் இது?"
"ஹாஜியார்ர."
"ஹாஜியார் சொன்னாக் கேக்குமா?"
"கேக்காது."
அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
பிறகு போய்
கிழிந்த படங்கின் கிழிசல் மேல்
தன் சாரத்தையும் விரித்துவிட்டு
அரைக் காற்சட்டையோடு வந்து நின்றார்.

நெல்லுக்குப் பதினாறு.
திரைக்கு முப்பத்தெட்டு.
நெல்லுக்குப் பதினேழரை.
திரைக்கு அறுபத்திரண்டு.
இரண்டும் ஏறிக்கொண்டிருந்தன
எனக்குக் கீழ்ப்படியாமல்.

பன்னிரண்டு ஐந்துக்கு விடிந்தது.
வணக்கம் என்றது.
எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன என்றது.
யன்னலுக்கு வெளியே
தகரத்தில் மழை கொட்டுகிறது.

பிறிண்டருக்குத் தமிழ் மறந்திருந்தது.
உதுமாலெவ்வை என்று அடித்தால்
கொம்பொரு பக்கம், எழுத்தொரு பக்கம்,
நடுவில் மூன்று வெறும் பெட்டி.
பேனையால் வெட்டி மேலே எழுதினேன்
அவர் பெயரை, முழுதாய்.

ஈரம் என்ற கட்டம் மின்னி மின்னி நின்றது.
இதையாவது என்னைக் கேட்கிறதே.
பதினாலு என்று அடித்தேன்.
பின்னால் நின்ற பதினொருவருக்கும்
பதினாலு.

இரவு கணக்குப் பார்க்க வந்த ஹாஜியார்
துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"என்ன பஸ்மியா, மழைக்க நிண்ட நெல்லெல்லாம்
பதினாலா?"

அப்டேட்டுக்குப் பிறகு
அப்பிடித்தான் வருகுது ஹாஜியார், என்றேன்.
நிப்பாட்ட ஏலாதாம்.