ஒன்று குறைய

முந்தின இரவே வாருக்கு எண்ணெய் பூசினேன்.
கன்றுத்தோல், நாலு மடிப்பு.
காய்ந்திருந்தால் கிழிக்கும்.
அக்மோனியா ஜெபக்கூடத்தில் என் வேலை இவ்வளவுதான்:
விளக்குத் திரி, கூட்டிப் பெருக்கல்,
சுருளை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வைப்பது,
தீர்ப்பானால் அடிப்பது.
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூலி.

அடிபட வேண்டியவர் அமாக்கியோஸ்.
பதினோரு ஆண்டு எங்கள் தலைவர்.
கூரை ஒழுகியபோது தன் திராட்சைத் தோட்டத்தை விற்று ஓடு போட்டார்.
வாசல் கல்லில் அவர் பெயர் இருக்கிறது,
கொத்தன் ஓர் எழுத்தை விட்டுவிட்டு
மேலே பொடியாகச் சேர்த்திருப்பான்.

மரத்தில் தொங்கிச் செத்தவனை மேசியா என்கிறார் இப்போது.
அறுவடைக்கு முன்பு ஆற்றில் முழுக்குப் பெற்றாராம்.
சாவியை அவரே கொண்டுவந்து ஆணியில் மாட்டிப் போனார்.

மூப்பர்கள் மூன்று இரவு பேசினார்கள்.
முப்பத்தொன்பது என்றார்கள்.
அவர் வராமலே இருந்திருக்கலாம்.
கம்பளி விற்கிறவள் வீட்டு மாடியில் அவர்கள் கூடுகிறார்கள்,
அப்பமும் பாட்டுமாக.
அந்தப் படிவரைக்கும் எங்கள் வார் எட்டாது.

வந்தார்.
சட்டையைத் தானே கழற்றி,
மடித்து,
தான் உட்கார்ந்திருந்த இருக்கையின்மேல் வைத்தார்.
கட்டும்போது காதோரம் கேட்டேன்,
“எதுக்கு வந்தே?”
“வெளியாளை நீங்க அடிக்க மாட்டீங்களே” என்றார்.

எண்ணுவது சோத்திகோஸின் முறை.
சாயக்காரன். மணிக்கட்டுவரை மஞ்சிட்டிச் சிவப்பு,
எந்தத் தண்ணீருக்கும் போகாது.
ஏழு வருஷம் முன்பு
வீட்டுத் தெய்வங்களைச் சாக்கில் கட்டி எறிந்துவிட்டு எங்களிடம் வந்தவன்.
ஊரே சிரித்தது, எங்களில் பாதிப்பேரும் சிரித்தோம்.
அமாக்கியோஸ் மட்டும் குளிர்ந்த ஆற்றில் இடுப்பளவு நின்று
அவன் முங்கி எழுந்ததற்குச் சாட்சி சொன்னார்.

யோசே சாபங்களை வாசிக்கத் தொடங்கினான்.
வேண்டுமென்றே மெதுவாக.
ஒன்று, என்றான் சோத்திகோஸ்.
நான் ஓங்கினேன்.

கை வலித்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
பதினெட்டில் அவன் குரல் கரகரத்தது.
இருபத்து நாலு என்றான், இருபத்து...
அப்புறம் உதடு மட்டும் அசைந்தது.
யோசே வாசிப்பதை நிறுத்தினான்.
கணக்குத் தவறிவிட்டது.
கூடினால் அடித்தவன் குற்றவாளி, குறைந்தால் யாருக்கும் பாவமில்லை;
நாற்பதில் ஒன்றைக் கழித்து வைத்ததே அதற்காகத்தான்.
விட்டுவிடலாம் என்று மூப்பர்களைப் பார்த்தேன்.
அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.
வாரை இறக்கினேன்.

தூணோடு ஒட்டிய வாயிலிருந்து வந்தது:
“இருபத்தாறு முடிஞ்சுது. கட்டை அவிழ்.”
முதுகுக்கு இருபத்தாறு, மார்புக்குப் பதின்மூன்று. அதுதான் முறை.
அவிழ்த்தேன்.
திரும்பி என் முகத்துக்கு நேராக நின்றார்.
“இருபத்தேழு.”

ஓய்வுநாளில் வாசிக்க ஆள் பெயர் கூப்பிடுவாரே,
அதே குரல், அவசரமில்லாமல்.
அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.
எங்கள் தலைவர் எனக்கு இட்ட கடைசிக் கட்டளைகள்
பதின்மூன்று.

அடி முடிந்தால் அவன் உன் சகோதரன், சட்டம் அப்படித்தான்.
யாரும் கிட்டே போகவில்லை.
சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
சந்தைத் தெரு வழியாக, ஓரமாக நடந்தார்.
சோத்திகோஸ் வாசல்வரை போனான்.
உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால்,
வெகுநேரம் அப்படியே நின்றான்.
பிறகு வந்து தரையைத் துடைக்க எனக்கு உதவினான்.

கல்லில் உள்ள பெயரைச் செதுக்கி எடுக்கச் சொன்னார்கள்.
கொத்தன் இரண்டு வெள்ளிக்காசு கேட்டான்.
யார் தருவது என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்று மாலை பனி.
விளக்கேற்றிவிட்டு ஆட்களை எண்ணினேன்.
ஒன்பது.
பத்தாவது ஆள் இல்லாமல் தொழுகை தொடங்காது.
கதவைச் சாத்து, குளிர்கிறது என்றான் யோசே.
சாத்தவில்லை.