சொல்லுக்கு அறுபது பைசா

லிங்கராஜபுரம், மூன்றாவது குறுக்குத் தெரு.
மழை விட்டும் ஜெனரேட்டர் விடாத இரவு.
கேட்டைத் திறந்த மாரப்பனின் இடது கன்னம்
பேக்கரி பன் போல உப்பியிருந்தது.
கிராம்பைக் கடித்தபடி பேசியதில்
பாதிச் சொற்கள்தான் வெளியே வந்தன.

"தமிழ்ல எழுதுற வேலைதானே உங்களுக்கு?
இது என்னன்னு பாருங்க மேடம்."

கீறல் விழுந்த கண்ணாடிக்குக் கீழே
ஒரு வாக்கியம் படுத்திருந்தது:

'பற்சுற்றிழைய அழற்சியின் முற்றிய நிலையில்
வேர்க்கால்வாய் சிகிச்சையோ கிரீடம் பொருத்துதலோ
தவிர்க்கப்படாதிருத்தல் பரிந்துரைக்கப்படுகிறது.'

எனக்கு அதைத் தெரியும்.
போன மார்ச்சில், கரண்ட் பில்லுக்குக் கடைசி நாளில்,
நான் பெற்ற வாக்கியம்.
பத்துச் சொல். ஆறு ரூபாய்.

"ஊத்தங்கரையில ஏரிக் கால்வாய் பார்த்திருக்கேன்.
இங்க ராஜகால்வாய், மழை வந்தா
நம்ம பேஸ்மென்ட்டுக்கே வருது.
பல்லுக்குள்ள எதுக்கு மேடம் கால்வாய்?
கிரீடம் வேற வெக்கிறாங்களாம்…"
சிரிக்கப் போனார்.
வலி பாதியில் பிடித்து நிறுத்தியது.

"தவிர்க்கப்படாதிருத்தல்னா
செய்யணுமா, கூடாதா?"

இரண்டு முறை படித்தேன்.
என் கையெழுத்து எனக்கே புரியாத மருந்துச் சீட்டு மாதிரி
நின்றேன்.

எட்டாவது படித்தவருக்கும் புரிய வேண்டும் என்று
வேலை தந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.
கோரமங்களாவில் தமிழ் தெரியாத ஒரு பையன்
பச்சை டிக் போட்டு அனுப்பினான்.
மாரப்பன் எட்டாவது பாஸ்.
ஒன்பதாவதில் பாதி.

வாக்கியத்துக்குக் கீழே ஒரு வீடியோ.
'மக்களே, பல்லுல இருக்கிற புழு
ஒரே நாள்ல வெளிய வரும்,
கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிங்க.'
அதில் ஒரு சொல்கூடக் கடினமில்லை.
பெற்ற தாய் சொல்வது போல இருந்தது அந்தப் பொய்.
மார்க்கெட்டில் இருபது ரூபாய்க்கு விதை வாங்கி
ஐந்து நாளாகப் புகை பிடித்திருக்கிறார்.
புழு வரவில்லை.
காய்ச்சல் வந்திருக்கிறது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், தயங்கித்தான்;
இரண்டு வருடத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டதே குறைவு.
"நான் டாக்டர் இல்லை" என்று தொடங்கினேன்.
"ஆனா உள்ள சீழ் பிடிச்சிருக்கும் போல.
கழுத்துப் பக்கம் இறங்கினா ஆபத்து.
பல்லுக்குள்ள அழுகினதைச் சுரண்டி எடுத்து
அடைச்சு, மேல மூடி போடுவாங்க.
அதுதான் கால்வாய், அதுதான் கிரீடம்.
இல்லன்னா பிடுங்குவாங்க.
எதுவானாலும் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ரிலீவர் ஆறு மணிக்குத்தான் வருவான்."

"விசிலைக் கொடுங்க."

ஆட்டோக்காரன் மீட்டருக்கு மேல் ஐம்பது கேட்டான்.
கன்னத்தைப் பார்த்துவிட்டு, முப்பது என்றான்.
அது நான் எழுதியதென்று
கடைசிவரை மாரப்பனிடம் சொல்லவில்லை.
ஆட்டோ திரும்பும்போது அவர்தான்
"தேங்க்ஸ் மேடம், நல்லா விளக்கினீங்க" என்றார்.
என் பல்லெல்லாம் கூசியது.

பிளாஸ்டிக் நாற்காலி. கொசு.
வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கம்.
நூலில் கட்டிய பேனா எட்டும் தூரத்துக்கு
நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு
எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.
'அழற்சி' போனது. 'பரிந்துரை' போனது.
'படுகிறது' மட்டும்
போகமாட்டேன் என்று மூன்று முறை வந்து நின்றது.

நாலு மணிக்கு மிஞ்சியது:
வீங்கி, காய்ச்சலும் இருந்தா, இன்னிக்கே போங்க.

ஐந்து சொல். மூன்று ரூபாய்.

பால் வண்டி ஹாரன் அடித்தது.
எழுந்துபோய்
கேட்டைத் திறந்தேன்.