திராவா, மூன்றேகால் மணி

கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.
கூரையிலிருந்து தொங்கும் அறுபத்திரண்டு கண்ணாடிக் குழல்கள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
கம்பளி சுற்றிய கட்டைவிரல் அளவுச் சுத்தி.
கீழே, பாலத்தடியில், திராவா ஆற்றுக்குள்
நேஷா இறக்கிவிட்ட இரும்புச் சக்கரம்.
அது சுழலும் வேகத்துக்கு இங்கே அடி விழும்:
சல், சல், கிண்,
சிலநேரம் களகளவென்று ஒரே பேச்சு.

'ஆறு தன் வாயால் பேசுகிறது'
என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறாள்.
பகலில் வருகிறவர்கள் கண்ணை மூடி நிற்பார்கள்.
ஒருத்தர் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நான் இரவுக் காவல்.
எனக்கு அந்த வாய் வேறு மாதிரி கேட்கிறது.
மேலே அணை இருக்கிறது.
ஊர் சுவிட்சைப் போட்டால் அணை கதவைத் திறக்கும்.
காலை ஆறரைக்கு மரிபோர் முழுக்கக் காப்பிக்கு அடுப்பேற்றும்,
ஏழு மணிக்குக் குழல்கள் கொட்டித் தீர்க்கும்.
கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில்
கூடமே அதிர்ந்து ஒரு குழல் விரிசல் விட்டது.
'மலையில் மழையா மிலிவோய்?'
ஓடிவந்தாள் நேஷா.
'இல்லை. ஒன்றுக்கு ஒன்று, சமன்' என்றேன்.

விளக்கிச் சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை.
பலகையைக் கழற்றிக்கொண்டு போனாள்.
மறுநாள் அதே பலகை, அதே ஆணியில்,
'ஆறு' மட்டும் அடிக்கப்பட்டிருந்தது.

நள்ளிரவு தாண்டினால் குழல்கள் அடங்கிவிடும்.
ஊர் உறங்குவது இப்படித்தான் கேட்கும்:
சல்,
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
என் கெட்டிலை மாட்டிப் பார்த்திருக்கிறேன்.
ஒரு கோப்பைத் தேநீருக்கு ஆறு அசையாது
என்று தெரியும்.
தெரிந்தேதான் மாட்டினேன்.

அக்கரையில் நாலாம் மாடியில் ஒரு ஜன்னல்.
தினமும் மூன்றேகாலுக்கு மஞ்சளாகும்.
பச்சைக் குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று
நானாக வைத்துக்கொண்டேன்.
விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில்
ஓரத்துக் குழல், நாற்பத்தேழாவது,
கிண் என்னும். ஒரே ஒரு தரம்.
இதை நேஷாவிடம் சொல்லவில்லை.

நேற்று அந்த ஜன்னல் இருட்டாகவே இருந்தது.
மூன்றேகால். மூன்று இருபது.
வீடு மாறியிருக்கலாம்.
குழந்தை விடிய விடியத் தூங்கப் பழகியிருக்கலாம்.
ஜெர்கினை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

கிண்.

அக்கரை முழுக்கப் பார்த்தேன், மாடி மாடியாக.
எல்லாம் இருட்டு.
எந்த வீடென்று தெரியவில்லை,
யாரோ எதையோ சூடாக்குகிறார்கள்.